பெயிண்ட் வாசனை வராத அறை

எனக்குச் சம்பளம் கொடுத்தது என் மூக்குக்கு. இப்படிச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து என்னைப் பார்க்க வந்த பெண்பிள்ளைகளும் அப்படித்தான் சிரித்தார்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில், விஷக்காற்றுக்குப் போடுகிற முகமூடிக்குக் கரி டப்பா செய்கிற கம்பெனி அது. நான் வேலை பார்த்த சோதனை அறையை இடித்துவிட்டு இப்போது ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். டப்பாவைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் திரையில் எண் ஓடுமாம்.

"அப்ப உங்க காலத்துல எதை வச்சும்மா டெஸ்ட் பண்ணுனீக?" என்று ஒருத்தி கேட்டாள்.

மூக்கைத் தொட்டுக் காட்டினேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சிரிங்கடி, நல்லாச் சிரிங்க. உங்க மெஷினு நம்பர் சொல்லும். அந்தக் கரி என்னத்தைத் தின்னுட்டு வந்து நிக்குதுன்னு சொல்லுமா?" என்று கேட்டேன். பிறகு மனசு கேட்காமல் காப்பி போட்டுக் கொடுத்து, விஜயதசமி லோடு கதையைச் சொன்னேன். சிரித்த பிள்ளைகள் வாயடைத்துப் போய்க் கேட்டார்கள். எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பேச்சியம்மாள். பழங்காநத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். எழுபதுகளின் நடுவில், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தபோது, பத்தாவது படித்த பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டு அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேனேஜர் சாந்தாராம் சார் வரிசையாகச் சின்னச் சின்னச் சீசாக்களை வைத்தார். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கச் சொன்னார். முதல் சீசாவில் வாசனை மூக்கைத் துளைத்தது. போகப் போகக் குறைந்தது. என்னோடு வந்த பெண்கள் பாதியிலேயே "ஒண்ணும் வரல சார்" என்று சொல்லிவிட்டார்கள். நான் கடைசிச் சீசாவைக் கீழே வைத்துவிட்டு, "வாழைப்பழ மிட்டாய் சார். ஆனா தெருக்கோடியில யாரோ திங்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் "ம்" என்றார். அந்த "ம்"தான் எனக்கு வேலை ஆர்டர்.

சாந்தாராம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பம். தறிக்காரர் வீட்டிலிருந்து கெமிஸ்ட்ரி படித்து மேலே வந்தவர். வீட்டில் அவர்கள் பாஷை, எங்களிடம் தமிழ். மனசுக்குள் கணக்குப் போடும்போது மட்டும் உதடு அவர்கள் பாஷையில் முணுமுணுக்கும். கூட்டிப் பெருக்குகிற அம்மாவைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒரு தப்பைக் கண்டால் அந்தப் பொருளைக் கையில் எடுத்து, நம் முன்னால் வைத்து, நாமே சொல்கிறவரை பேசாமல் நிற்பார். அதற்கு நாலு திட்டு திட்டிவிடலாம் என்று இருக்கும். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து வருவது அந்த "ம்" ஒன்றுதான். அதற்காக நாங்கள் கிடையாய்க் கிடப்போம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் போட்ட சட்டம்: பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, பூ கூடாது. மதுரைக்காரிக்கு இது பெரிய தண்டனை. காலையில் பஸ்ஸில் ஏறினால் எல்லார் தலையிலும் மல்லிகை. நானும் என் கூட வேலை பார்க்கிறவர்களும் மட்டும் வெறுந்தலையோடு நிற்போம். "ஏத்தா, கல்யாணம் ஆன புள்ள இப்படியா வாரது?" என்று முன்னே பின்னே தெரியாதவர்கள்கூடக் கேட்பார்கள். என் மாமியார் அதைவிட ஒரு படி மேலே. "எம் மகன் உசிரோட குத்துக்கல்லாட்டம் இருக்கையில உனக்கு என்னடி வந்துச்சு?" என்று தினம் ஒரு பாட்டு. கடைசியில் நாங்களே ஒரு வழி செய்தோம். பூவை வாழை இலையில் சுருட்டி வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு, சாயங்காலம் போகும்போது வைத்துக்கொண்டோம். கம்பெனியிலேயே மணக்கிற இடம் அந்த வாட்ச்மேன் அறைதான். அவர் பெண்டாட்டி ஒருநாள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள் என்பது வேறு கதை.

எங்கள் சரக்கு தேங்காய்ச் சிரட்டைக் கரி. சாதாரணக் கரி இல்லை. சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டு, நொறுக்கி, சலித்து, தணல் சிவப்பில் இருக்கிற உலையில் போட்டு நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியைத் தின்று தின்று கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடும். ஓட்டைக்குள் ஓட்டை, அதற்குள் இன்னொரு ஓட்டை. வெளியே வரும்போது கரி பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருக்கும். ஒரு கைப்பிடிக் கரிக்குள் இருக்கிற சந்து பொந்துகளின் சுவரையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு மைதானமே நிறையும் என்று சார் சொன்னபோது, மனுஷன் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கரி வடிகட்டுறது இல்லைம்மா, பிடிச்சு வைக்குது. நம்ம டவுன் பஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. உள்ள இடம் இருக்கிறவரை விஷத்தை ஏத்திக்கும். இடம் நிறைஞ்சுட்டா வந்த விஷம் நேரா மூக்குக்குப் போயிரும்" என்றார்.

"எந்த விஷம் ஏறணும்னு அதுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. யார் வந்தாலும் ஏத்திக்கும். அதனாலதான் உங்களைப் பூ வைக்காதீங்கங்கிறேன்."

அன்றைக்கு எனக்குப் பூவின் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது. மாமியாருக்குத்தான் கடைசிவரை போகவில்லை.

டப்பாவில் கரி நிரப்புவதை நான் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் செய்வேன். அள்ளிக் கொட்டினால் போச்சு. ஒரு பக்கம் பொடி, ஒரு பக்கம் குருணை என்று பிரிந்துவிடும். காற்று சுலபமான வழியைக் கண்டுபிடித்து அது வழியாகவே ஓடிவிடும். அதனால் உயரமான தகரக் குழாய் ஒன்று வைத்திருந்தோம். உள்ளே நடுநடுவே கம்பி வலை. மேலிருந்து கரியைத் தூவினால் வலையில் பட்டுச் சிதறி, மழை பெய்கிற மாதிரி டப்பா முழுக்க ஒரே சீராக விழும். பிறகு பஞ்சுத் தகடு, கம்பி வலை, ஸ்பிரிங், மூடி. மூடியபின் காதருகே வைத்துக் குலுக்குவோம். உள்ளே சலசலவென்று கேட்டால் அந்த டப்பா திரும்பப் போகும். நல்ல டப்பா செங்கல் மாதிரி ஊமையாக இருக்கும்.

சோதனை அறை என் ராஜ்ஜியம். சின்ன அறை. வாழைப்பழ வாசனை வருகிற எண்ணெய் ஒன்று உண்டு, மனுஷருக்கு அவ்வளவு கெடுதல் இல்லாதது. அதில் நனைத்த துணியை உள்ளே தொங்கவிடுவார்கள். நான் முகமூடி மாட்டி, உள்ளங்கையால் டப்பாவின் வாயை அடைத்து மூச்சை இழுப்பேன். ரப்பர் முகத்தோடு ஒட்டினால் ஓரத்தில் கசிவில்லை என்று அர்த்தம். கையை எடுத்துவிட்டு உள்ளே போய் உட்காருவேன். வாசனை வராதவரை கரி பிடித்து வைத்திருக்கிறது. வந்தால் பஸ் நிறைந்துவிட்டது. துணியை நனைக்கிற வேலையை மட்டும் சார் என்னிடம் கொடுக்க மாட்டார். ஏற்கெனவே அந்த வாசனையில் பழகிய மூக்கு பொய் சொல்லும் என்பார்.

இதெல்லாம் தெரிந்தால்தான் அந்த விஜயதசமி புரியும்.

ஆயுத பூஜை வந்தால் மதுரையில் எந்தப் பட்டறையும் பளபளக்கும். எங்கள் முதலாளி பக்திமான். அந்த வருஷம் கம்பெனி முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். நிரப்பும் அறைக்கு மட்டும் யாரும் சாரைக் கேட்காமல் போக முடியாது. பெயிண்டர் வந்து கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். சார் ஏதோ கணக்கில் முணுமுணுத்துக்கொண்டு இருந்தவர், தலையை நிமிர்த்தாமல், "உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் அடிச்சிருங்க" என்றார். சொன்னது அவ்வளவுதான்.

பூஜைக்கு முந்தின நாள் பெயிண்ட் அடித்து அறையைப் பூட்டினார்கள். பூஜையன்று உலைக்கு முன்னால் படையல். நிரப்பும் அறைக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு சரி, யாரும் திறக்கவில்லை. மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு முதல் லோடு நல்ல நேரத்தில் வெளியே போக வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். நிரப்பும் அறை டிரம்களில் சேர்த்து வைத்திருந்த கரி பூஜைக்கு முன்பே சோதனையில் தேறியது. அதனால் நிரப்புகிற பெண்கள் விடியலிலேயே வந்து டப்பாக்களை நிரப்பி, வேனுக்கு மாலை போட்டு, சூறைத்தேங்காய் உடைத்து அனுப்பிவிட்டார்கள். திருமங்கலம் தாண்டி ஒரு பூச்சிமருந்து கலக்கும் பட்டறை. லோடு அங்கே.

நான் பஸ் கூட்டத்தில் சிக்கி, வேன் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். கேட்டைத் தாண்டும்போதே பெயிண்ட் நெடி குப்பென்று அடித்தது. கேட்டுக்கும் அதே பச்சை. வெளியே, காற்றோட்டத்தில், வெயிலில் காய்ந்தும் நெடி போகவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிரப்பும் அறைக்குள் நுழைந்தேன்.

உள்ளே ஒரு வாசனையும் இல்லை.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா பேச்சி? அடிச்ச சுவடே தெரியல. நெடியே இல்லாத பெயிண்டுன்னு கடைக்காரன் அடிச்சுச் சொன்னான்."

நிரப்புகிற பெண்களும், "ஆமாக்கா, தலைவலியே இல்ல, சாமி புண்ணியம்" என்றார்கள். சுவர் பச்சை, அலமாரி பச்சை, டிரம்மின் உடம்பு பச்சை. டிரம் மூடிகளெல்லாம் புதுப் பெயிண்ட் மினுங்க, சந்தனப் பொட்டோடு சுவர் ஓரம் சாத்தி வைத்திருந்தன.

"மூடி எப்பக் கழட்டுனீக?" என்று கேட்டேன்.

"நாங்க எங்கக்கா கழட்டுனோம்? பெயிண்டர் அண்ணே அடிக்கிறதுக்காகக் கழட்டிக் காய வச்சது. நாங்க வாரப்ப டிரம்மு தொறந்துதான் கெடந்துச்சு."

நான் ஓடினேன். சேலை தடுக்கிற அளவுக்கு ஓடினேன். சாந்தாராம் சார் அலுவலகத்தில் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இருந்தார். "சார், ஒரே டின்னுப் பெயிண்டு. கேட்டுல நெடி கொடலப் புடுங்குது. பூட்டிக் கெடந்த ரூமுல நெடி இல்ல. டிரம்மு மூடி ரெண்டு நாளாத் தொறந்து கெடக்கு" என்றேன். மூச்சு வாங்கியது.

சார் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிரப்பும் அறைக்குப் போனார். டிரம்மின் மேலாக்க ஒரு கரண்டிக் கரி, அடியில் கைவிட்டு ஒரு கரண்டிக் கரி. இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் போட்டார். அடிக் கரியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, குழாயின் வாயை என் பக்கம் நீட்டினார். ஒன்றும் இல்லை. மேல் கரியைக் காட்டினார். சூடு ஏறியதோ இல்லையோ, டர்பன்டைன் நெடி புறப்பட்டு வந்தது பாருங்கள், அறை முழுக்கப் பெயிண்ட் கடை. இரண்டு நாள் அந்த அறையில் காணாமல் போன வாசனையெல்லாம் அந்த ஒரு கரண்டிக் கரியிலிருந்து வந்தது.

பெயிண்டில் நெடி இல்லாமல் இல்லை. எங்கள் கரி மொத்தத்தையும் குடித்துவிட்டது. மேலாக்க இருந்த கரி வயிறு முட்டக் குடித்திருந்தது. முதல் லோடு மேலாக்க இருந்த கரியில்தான் நிரப்பியது.

"வேன் எங்க போயிருக்கு?" என்று சார் கேட்டார். சொன்னேன். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "அந்த மருந்துக்கு வாடை ரொம்பக் கம்மிம்மா. உள்ள வர்றதே தெரியாது" என்றார்.

டெலிபோனைச் சுற்றினார். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. எல்லாரும் பூஜையில் இருப்பார்கள். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துவிட்டார். "விஜயதசமி லோடுய்யா! மாலை போட்டு அனுப்புன சரக்க வாசல்லருந்து திருப்பிக் கொண்டாந்தா கம்பெனி வெளங்குமா? டப்பாவுல பாதிக் கரியாவது வேலை செய்யும்ல?"

"கொஞ்ச நேரம் செய்யும். அதுதான் ஆபத்து" என்றார் சார்.

"எவன்யா டிரம்மு மூடியத் தொறந்தது? அவனச் சொல்லு மொதல்ல!"

சார் முதலாளியை நேராகப் பார்த்தார். "எல்லாத்துக்கும் அடிங்கன்னு சொன்னது நான்தாங்க. சீட்டைக் கிழிக்கிறதுன்னா சாயங்காலம் கிழிங்க. இப்ப சாவியைக் கொடுங்க."

முதலாளியை ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். சாவியைக் கொடுக்கவில்லை, அவரே ஓட்டினார். அம்பாசடர் காரின் முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. உள்ளே நானும் சாரும், மடியில் பூஜைக்கு முன்னால் நிரப்பி வைத்திருந்த பழைய டப்பாக்களும், என் முகமூடியும், சோதனை எண்ணெய்ச் சீசாவும். வழியெல்லாம் ஜனங்கள் கல்யாணக் கார் போகிறது என்று ஒதுங்கினார்கள். எனக்கு உள்ளே பதறிக்கொண்டு இருந்தது.

பட்டறை வாசலில் பந்தல், வாழைப்பழத் தாரும் பொரியும் இலையில் பரப்பி இருந்தன. ஃபோர்மேன் தவமணி அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுக்காரர். நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். புதுமுகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு வாலிபர் கலக்கும் கொட்டகை வாசலில் நின்றார். தவமணி அண்ணனின் தங்கச்சி மாப்பிள்ளை, கருப்பையா. கல்யாணம் ஆகி முதல் தீபாவளிகூட வரவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் முதல் டிரம்மை அவர் கையால் திறக்க வேண்டும் என்று தவமணி அண்ணன் ஏற்பாடு.

"அண்ணே, நிறுத்துங்க! அந்த டப்பா ஆகாது" என்று நான் கத்திக்கொண்டே இறங்கினேன்.

தவமணி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா சொல்ற? இப்பத்தான் தேங்கா ஒடச்சிருக்கு. விஜயதசமியும் அதுவுமா ஆரம்பிக்கிற சோலிய நிறுத்துங்கிற? சரக்குக் கொண்டாந்த பய பிரமாதம்னுட்டுப் போறான், நீங்க பின்னாடியே வந்து ஆகாதுங்கிறீக. வெளையாட்டா இருக்கா?"

சார் விளக்க ஆரம்பித்தார். கரி, ஓட்டை, டர்பன்டைன். தவமணி அண்ணன் பாதியிலேயே கையை உயர்த்தினார். "சார், நாங்க மருந்துலயே பொழங்குறவங்க. மாப்ள மாட்டிப் பாத்துட்டான், ஒரு நெடியும் வரல. நேரம் போகுது. மாப்ள, நீ போ."

கருப்பையா ஒரு அடி எடுத்து வைத்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, போய்க் கொட்டகைக் கதவை மறித்து நின்றேன். "அண்ணே, அவர் போகட்டும். அதுக்கு முன்னாடி நீங்க அதே டப்பாவ மாட்டிக்கிட்டு அந்தக் குடோன்ல எங்கூட உக்காருங்க. மருந்து இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா உக்காரணும். உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னா நாங்க வந்த வழியே போயிருவோம்" என்றேன்.

"உக்காந்தா?"

"உக்காந்து பாருங்களேன். பயமா இருந்தா வேணாம்."

மதுரைப் பக்கத்து ஆம்பளையிடம் இந்த ஒரு வார்த்தை போதும். "யாருக்குப் பயம்? கொண்டாம்மா அதை" என்று கருப்பையா தலையிலிருந்தே முகமூடியை உருவி மாட்டிக்கொண்டார். மீசை உள்ளே அடங்கியதா என்று பார்த்து, வாரை இழுத்துக் கட்டினேன். டப்பாவின் வாயை அடைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். ரப்பர் கன்னத்தில் கச்சிதமாக ஒட்டியது. நான் பழைய டப்பாவை மாட்டிக்கொண்டேன். இருவரும் காலிச் சாக்குக் குடோனுக்குள் போனோம். நாங்கள் மாட்டி முடித்த பிறகுதான் சார் வெளியே போய்த் துணியை நனைத்துக் கொண்டுவந்து, எங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார். அது என்ன வாசனை என்று தவமணி அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

ஜன்னல் கம்பிக்கு வெளியே கருப்பையாவும் முதலாளியும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. சாக்கு மூட்டையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த தவமணி அண்ணனுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. முகமூடிக்குள்ளிருந்து குரல் பானைக்குள் பேசுகிற மாதிரி வந்தது. "என்னம்மா தங்கச்சி, ஆடி அசைஞ்சு பாத்தாச்சு, ஒண்ணையும் காணோமே?"

"இன்னும் கொஞ்ச நேரம்ண்ணே."

"எம்புட்டு நேரம்? எந் தங்கச்சி பிடிவாதத்துல ஒனக்கு மேல. மாப்ளய வேலைக்கு விட மாட்டேன்னு நேத்து ராவெல்லாம் ஒரே ரகள. முகமூடி வருதுடி, அத மாட்டுனா ஆனமலக் காத்து மாதிரி இருக்கும்னு சொல்லி அனுப்பிச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஒருவேளை நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று பயம் வந்தது. மேல் கரி, அடிக் கரி கலந்து இந்த டப்பா மட்டும் நல்ல டப்பாவாக அமைந்துவிட்டால்? இவர் சிரித்துக்கொண்டே வெளியே போவார், மற்ற டப்பாக்களை மற்றவர்கள் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். சொக்கநாதா, இந்த மனுஷன் மூக்கைத் திற என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை அந்தச் சாமி அதற்கு முன் கேட்டிருக்காது.

தவமணி அண்ணன் மாட்டு வியாபாரத்தில் யாரையோ ஏமாற்றிய கதையைத் தொடங்கினார். பாதிக் கதையில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அதட்டினார்.

"எவன்டா அவன், பூசப் பழத்த உரிக்கிறவன்? சோலி முடியுறதுக்குள்ள என்னடா அவசரம்?"

வெளியே யாரும் பழம் உரிக்கவில்லை. கருப்பையா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முதலாளி வெறுமனே நின்றார். தவமணி அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு வரலையா? வாழப்பழ வாசம்மா. கும்முன்னு வருது."

"எனக்கு வரலண்ணே. எனக்கு மாட்டியிருக்கிறது பூஜைக்கு முன்னாடி நெரப்புன டப்பா. அந்தத் துணியிலதான் வாழப்பழ எண்ணெய் இருக்கு. மொதல்ல இருந்தே இருக்கு. இம்புட்டு நேரம் உங்க டப்பா தடுத்துச்சு, இப்ப முடியல. இது வாசனை, அதனால தெரிஞ்சுச்சு. அங்க இருக்கிறது மருந்து."

அவர் முகமூடியைப் பிய்க்காத குறையாகக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவை உதைத்துத் திறந்தார். "மாப்ள! அங்கிட்டுப் போகாத! கொட்டகப் பக்கமே போகாத!" என்று கத்திக்கொண்டு ஓடி, சும்மா நின்ற கருப்பையாவைப் பிடித்து இழுத்துப் பந்தலுக்குள் தள்ளினார். அதற்குப் பிறகு முதலாளியைப் பார்த்துத் திரும்பினார். என்னென்ன வார்த்தை வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. "எந் தங்கச்சி தாலியில வெளையாடவா மால போட்டு அனுப்புனீக?" என்றது மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

முதலாளி தலையைக் குனிந்து நின்றார். சாந்தாராம் சார் நடுவில் வந்து நின்று, "தப்பு என்னோடதுங்க. நான்தான் பொறுப்பு. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறேன். நல்ல டப்பா கொண்டு வந்திருக்கேன், போதாததுக்கு இன்னைக்கே கொண்டு வர்றேன்" என்றார். எதிரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்பது பேர் சண்டைக்கு நின்றிருந்தாலும் அந்தக் குரல் ஏறாமல் இறங்காமல் அப்படியேதான் இருந்திருக்கும். தவமணி அண்ணனின் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தப்புச் செய்தவன் ஓடி ஒளியாமல் தேடி வந்து நிற்பதை அவர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மாலை போட்ட லோடு முழுவதும் அன்றைக்கே திரும்பி வந்தது. டப்பாக்களை உடைத்து, டிரம்மில் இருந்த கரியையும் சேர்த்து மறுபடி உலையில் ஏற்றி, நீராவி விட்டு, குடித்ததையெல்லாம் கக்க வைத்தோம். கம்பெனி விளங்காமல் போகவில்லை, நன்றாகவே விளங்கியது. முதலாளி யார் சீட்டையும் கிழிக்கவில்லை. சார் மட்டும் காரில் திரும்பும்போது, முதலாளி காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: "இனிமே நீங்க உட்கார்ந்து பார்க்காம ஒரு லோடு வெளியே போகக்கூடாது. முதலாளி சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி." நான் ஓய்வு பெறுகிறவரை அதுதான் கம்பெனிச் சட்டம். எந்தக் காகிதத்திலும் எழுதித் தராத பெரிய உத்தியோகம் எனக்கு அது.

ஆனால் நான் சொல்ல வந்த பெருமை அது இல்லை. அன்றைக்கு மத்தியானம், மீதி நல்ல டப்பாக்களோடு நாங்கள் மறுபடி அந்தப் பட்டறைக்குப் போனோம். தவமணி அண்ணன் சாரிடம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். முதலாளியிடமும் வாங்கவில்லை. என்னிடம் வந்து, "ஏம்மா, நீ பாத்தது எது? அதை ஒங்கையால எம் மாப்ளைக்கு மாட்டிவிடு" என்றார். ஒரு டப்பாவைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கருப்பையாவுக்கு நானே மாட்டி, வாரை இழுத்துக் கட்டினேன். அவர் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சார் கிளம்பலாமா என்று பார்த்தார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தவமணி அண்ணனும் நகரவில்லை. உள்ளே டிரம் உருட்டுகிற சத்தம், கலக்குகிற மெஷின் சத்தம். அது நிற்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கருப்பையா வெளியே வந்தார். தள்ளிப் போய் முகமூடியைக் கழற்றினார், கை கால் கழுவினார். முகமெல்லாம் வியர்வை, ரப்பர் அழுத்திய தடம். நான் கிட்டப் போய், "தம்பி, உள்ள என்ன வாசனை வந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் நன்றாக யோசித்தார். ஏதாவது சொல்லாவிட்டால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தார்போல. "ஒண்ணுமே வரலக்கா. ரப்பர் வாடதேன்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தவமணி அண்ணன் என்னையே பார்த்தார். அவர் கண்ணும் நேராக இல்லை.

"என்னம்மா, மருந்து கண்ணுல பட்டிருச்சா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.